தானாக இறங்கிய அதிர்வு

காகித ஆலையில் இயந்திரங்களின் அதிர்வை அளப்பது அக்காவின் வேலை. ஆலை முழுக்க அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். கொதிகலனுக்குக் காற்று ஊதும் பெரிய விசிறியை ஓட்டுகிறவன் அவள் தம்பி. நாள் முழுக்க அவன் நிற்பது அதன் பக்கத்தில்தான்.

போன மாதம் அக்கா ஒரு பம்பை நிறுத்தச் சொன்னாள். பிரித்தால், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் புத்தம்புதிதாகப் பளபளத்தது. அரை நாள் உற்பத்தி பாழ். அன்றிலிருந்து அவள் 'பூச்சாண்டி அக்கா'. இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அப்பப்பா!

இப்போது விசிறியின் முறை. அதிர்வு மூன்றிலிருந்து நாலாகி, ஆறாகி, நேற்று ஏழைத் தொட்டது. இரவெல்லாம் அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. காலையில் திரையைப் பார்த்தால், இரண்டு!

"அதான் இறங்கிடுச்சே, விடுங்க" என்றார் மேனேஜர்.

"பேரிங்குக்கு என்ன காய்ச்சலா சார், தானா விடறதுக்கு?"

அவர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். ஏறினால் பயப்படலாம், நியாயம். இறங்கினதற்கும் பயந்தால் ஊர் சிரிக்காதா? சிரித்தால் சிரிக்கட்டும் என்று அக்கா விசிறியிடம் ஓடினாள்.

விசிறியின் அதிர்வைத் திரைக்கு அனுப்புவது காந்தத்தால் ஒட்டும் ஒரு சென்சார். பேரிங்கின் தலைமேல் இருக்க வேண்டியது, கீழே அதிர்வு அவ்வளவாக எட்டாத அடிச்சட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிடுங்கி மேலே வைத்தாள். கைக்கருவியில் பதினொன்று. விசிறியை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.

தம்பி ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தான். "வேணாம்க்கா. சென்சாரை நான்தான் கீழ வச்சேன்."

"எதுக்குடா?"

"நம்பர் ஏறினா நீ நிறுத்தச் சொல்லுவே. பிரிச்சுப் பார்த்து ஒண்ணுமில்லன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுல நீ அழுததை நான் பார்த்தேன்க்கா."

அவன் கையை உதறிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். விசிறி உடனே நின்றுவிடுமா என்ன? கரகரவென்று அரைத்துக்கொண்டே பத்து நிமிடம் சுற்றியது. அந்தப் பத்து நிமிடமும் தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூர இழுத்து வைத்திருந்தாள். அதற்குள் ஆலையே நின்று, மேனேஜர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

ஃபிட்டர் மூடியைக் கழற்றினார். பேரிங்கின் கூடு நொறுங்கி, குண்டுகள் கிரீஸில் உதிர்ந்து கிடந்தன. "இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருக்காது. தண்டு பிச்சுக்கிட்டு இந்தப் பக்கம்தான் வந்திருக்கும்" என்று தம்பி நிற்கும் இடத்தைக் காட்டினார்.

தம்பி தலை குனிந்துகொண்டான். "உன் வேலை போயிடக் கூடாதுன்னுதான்க்கா…"

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"வேலை போனா வேற வேலை தேடிக்குவேன். உன்னை எங்கடா போய்த் தேடுவேன்?"