கட்டையில் வைத்த கத்தி

வருஷா வருஷம் என் புருஷன் கிறிஸ்துமஸுக்குப் புதிதாகப் பிறப்பான். புது வருஷம் வருவதற்குள் பழைய ஆளாகிவிடுவான். இந்த லட்சணத்தில் பதினான்கு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தினேன். என் இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஒரு டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி அவன் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது. மூன்று வருஷத்துக்கு முன் வெட்டுக்கத்தியின் பின்பக்கத்தால் அவன் தோளில் ஒன்று போட்டுத் துரத்தினேன். அன்றிலிருந்து கறிக்கடை என் பொறுப்பு.

கடையில் ஒரு சட்டம் உண்டு. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது. வெட்டுக்கட்டையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போக வேண்டும். அப்புறம்தான் அடுத்தவர் எடுக்கலாம். அவசரத்தில் நீட்டி விரலைப் பறிகொடுத்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். முன்பு கடையில் நின்ற என் புருஷனுக்கு இது அத்துப்படி. லீவு நாளில் எடை போட வரும் என் பதினாறு வயது மகளுக்கும்தான்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அவன் போய்விட்டான், அவன் கை என்னிடம் தங்கிவிட்டது. போன வாரம் மகள் கறித்தட்டைக் கீழே போட்டாள் என்று ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அது முதல் அறையும் அல்ல. அதற்கப்புறம் வீட்டில் எனக்கு டீ கொண்டுவந்தால் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க ஆரம்பித்தாள். திமிர் என்று நினைத்தேன்.

"கைல குடுத்தா கொறஞ்சு போயிடுவியாடி?" என்று அதற்கும் கத்தினேன்.

இருபத்துநான்காம் தேதி காலை கடையில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் புதுச் சிலுவை, முகத்தில் பால் வடிந்தது.

"நான் இப்ப புது மனுஷன். பாதரே சொல்லிட்டாரு, குடும்பத்தோட சேர்ந்து பண்டிகை கொண்டாடுன்னு."

"எத்தனாவது தடவ பொறந்திருக்க? எண்ணிக்கை விட்டுப்போச்சு. வெளிய போ, வியாபார நேரம்."

அவன் மகளின் மணிக்கட்டைப் பிடித்தான். "நீ வா கண்ணு, அப்பா கூட."

"விடுங்க" என்று அவள் கையை இழுத்தாள். அவ்வளவுதான், புது மனுஷன் காணாமல் போனான். பளாரென்று ஒரு அறை. ஆறிக்கொண்டிருந்த உதடு மறுபடி கிழிந்தது.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எனக்கே கோர்வையாக நினைவில்லை. அவன் தலை என் இடது முழங்கைக்கு அடியில் இருந்தது. அவன் கன்னம் கட்டையில், கறித்துணுக்குகளோடு அழுந்தியிருந்தது. கத்தி அவன் கழுத்தில் இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்த நரம்பு எங்கே ஓடும் என்று எனக்குப் பாடம். மேல்தோல் கீறி ரத்தம் கட்டையில் இறங்கியது. அவன் கால்சட்டை நனைந்தது.

"போடுக்கா! இவனெல்லாம் இருந்து என்னத்துக்கு?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். போடத்தான் போனேன், சத்தியமாக.

நிமிர்ந்து மகளைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி, உதட்டைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்து நடுங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கண் என் மேல் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் நடுங்கினாள். மேஜையில் வைத்த டீயும் தள்ளி நிற்கும் அந்த ஒரு அடியும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி நான், என் பிள்ளைக்கு நான்தான் கத்தி.

"அம்மா, கத்தியக் கட்டைல வை" என்றாள்.

வைத்தேன். பழக்கதோஷம், ஒரு அடி பின்னாலும் போனேன். அவனுக்கும் பழக்கம் விடவில்லை. சட்டென்று எடுத்து என்னை வெட்ட வீசினான். குறுக்கே நீட்டிய என் வலது முன்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்தது.

கூட்டம் அவன் மேல் விழுந்தது. ஒருவன் எடைக்கல்லால் வாயில் அடித்தான். பல் தெறித்துத் தட்டில் விழுந்தது. இன்னொருவன் மார்பில் ஏறி மிதித்தான். விலா ஒடியும் சத்தம் எனக்குத் தெரியாதா? இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் பிணம்தான். ரத்தம் கொட்டும் கையோடு உள்ளே புகுந்து அவனுக்கு மேல் கால் அகட்டி நின்றேன்.

"இந்தக் கடைல ஆடு மாடுதான் சாகும்! எவனாவது இன்னொரு அடி அடிச்சான், நடக்கறதே வேற! போலீஸக் கூப்பிடுங்கடா!"

அவனைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போது குனிந்து சொன்னேன்: "நெஜமாவே நீ புதுசாப் பொறந்தா, எங்க பக்கமே வராத. அத வெச்சு நான் தெரிஞ்சுக்கறேன்."

எனக்கு இருபத்திரண்டு தையல். மறுநாள் காலை கட்டோடு கோயிலுக்குப் போனேன். குடிலில் குழந்தை இயேசு வெள்ளைத் துணியில் பளிச்சென்று கிடந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. மாட்டுக்குப் பேறு பார்த்து எத்தனையோ கன்றுகளை இழுத்துப் போட்டவள் நான். ரத்தமில்லாமல் எது பிறந்தது? அந்தத் தொழுவமும் நாறியிருக்கும், அந்தத் தாயும் அலறியிருப்பாள். அந்த நாற்றத்துக்குள்தான் ஆண்டவர் வந்தார். அப்படியானால் என்னிடமும் வருவார் என்று தோன்றியதும், நடுக்கோயிலில் கேவிக் கேவி அழுதேன்.

வாசலில் பாதர் தலைகுனிந்து நின்றார். "அவர நம்பி அனுப்பினது என் தப்பும்மா."

"ஆமா பாதர், தப்புதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளை எதிரே உட்காரச் சொன்னேன். "உன் அப்பன் அடிச்சதயே பேசிட்டிருக்கோம். நானும் அடிச்சேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல, என் மேலதான். இனிமே இந்தக் கை உன் மேல விழாது. சொல்றது ஈசி, உங்கப்பனும் சொன்னான். அதனால நீ இப்பவே நம்ப வேணாம். பாத்துக்கிட்டே இரு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீயோடு வந்தாள். வழக்கம்போல மேஜையை நோக்கிக் குனிந்தாள். என் வலது கையில் கட்டு, இடது கையில் மடங்காத விரல்கள். நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை.

டம்ளர் மேஜையைத் தொடவில்லை. அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். என் இடது கையை விரித்து அதில் டம்ளரை வைத்து, என் விரல்களைத் தன் விரல்களால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"சூடா இருக்கு, பாத்துக் குடி" என்றாள்.