விழுந்துகொண்டே இருந்த சுவிட்ச்

எங்கள் ஓனர் திருநாவுக்கரசு மோசமான மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரைத் திட்டுவதற்காகவே நான் உட்கார்ந்திருப்பதாக நினைப்பீர்கள். ஊரப்பாக்கத்தில் அவர் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தோம். தண்ணீரை ஒருநாளும் நிறுத்தியதில்லை. பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புவார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம்.

2005 மழைக்காலத்தில்தான் ஃபிரிட்ஜைத் தொட்டால் விரல் நுனியில் சுரீர் என்றது. என் கணவர் செல்வராஜுக்குக் கல்பாக்கத்தில் மின் பராமரிப்பு வேலை. அங்கே ஒரு சுவிட்சைத் தொட மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டில் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தவரின் முகம் வெளிறிப்போனது. மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் வயரே இல்லை. எந்த அறையிலும் இல்லை.

"அனு வெறுங்காலோட வந்துதான் ஃபிரிட்ஜைத் திறக்கறா" என்றார். அனு எங்கள் மகள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சமையலறையில் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு. அவள் மட்டும் தினமும் மறந்தாள். நான் தினமும் கத்தினேன்.

ஓனரிடம் போய் நின்றோம். "மூணு பின்னு கீதே சார், இன்னும் இன்னா வேணும்? பதினஞ்சு வருசமா யாருக்கும் ஒண்ணும் ஆவல. செவுத்த ஒடைக்கிற பேச்சே வேணாம்" என்றார். சரி, சுவரை உடைக்க வேண்டாம், ஒரே ஒரு ஈ.எல்.சி.பி. போட்டுக்கொள்கிறோம் என்று என் கணவர் கெஞ்சினார். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானாக விழுந்து லைனை நிறுத்திவிடும் சுவிட்ச் அது. மெயின் போர்டு ஓனரின் ஹாலில் இருந்ததால் அவர் தலையாட்டாமல் எதுவும் நடக்காது. செலவு எங்களுடையது என்றதும் தலையாட்டினார்.

மாட்டிய அன்றே அது நான்கு முறை விழுந்தது. மறுநாள் ஆறு முறை. சாயங்காலம் சீரியல் நேரத்தில் வீடு மொத்தமும் இருண்டது. கீழே ஓனரம்மா குரல் கொடுக்க, இவர் இறங்கி ஓடுவார்.

"நீங்க வாங்கினு வந்தது டூப்ளிகேட் சார். நல்லா ஓடிகினு இருந்த வூடு, பேஜாரு பண்ணுது" என்றார் ஓனர்.

"சுவிட்ச் நல்லாத்தாங்க இருக்கு. வீடுதான் கசியுது. அதனாலதான் விழுது. உங்க பாத்ரூம் சுவரைப் பாருங்க, ஊறிப்போயிருக்கு."

என் கணவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஓனரிடம் பேசும் பேச்சா அது? மூன்றாம் நாள் இவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தபோது ஓனர் வீட்டில் வயர்மேனைக் கூப்பிட்டு அதைக் கழற்றி, லைனை நேராகக் கொடுத்துவிட்டார்கள். அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்து, ஓனரே மாடிக்குக் கொண்டுவந்தார். "உங்க பொருள் உங்ககிட்ட. நாளைக்கு சொந்த வூடு கட்டசொல்ல போட்டுக்குங்கம்மா." அதே வயர்மேனிடம் என் கணவர் பேசிப்பார்த்தார். ஓனர் சொல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டான். வேறு வீடு பார்க்கலாம் என்றால் அனுவின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். என் கணவர் வேலையிடத்துக் குவார்ட்டர்ஸ் பட்டியலிலும் எங்கள் பெயர் மேலே வந்துகொண்டிருந்தது.

டிசம்பரில், அரையாண்டுப் பரீட்சை எழுதிவிட்டு மழையில் நனைந்தபடி வந்த அனு, வெறுங்காலோடு நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கைப்பிடியைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது. அவளால் கத்த முடியவில்லை. என்னையே பார்த்தாள். பிளக் ஃபிரிட்ஜுக்குப் பின்னால். மெயின் கீழே, பூட்டிய ஹாலில். ஓனர் குடும்பம் மதுராந்தகத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே துடிக்க, தொடாதே தொடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவள்மேல் முட்டித் தள்ளினேன். விழுந்தாள். மூச்சு இருந்தது.

வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. மற்ற விரல்களில் பேனாவை இடுக்கிக்கொண்டு பொதுத்தேர்வு எழுதினாள்.

ஓனர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, கட்டிலருகே உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். போகும்போது, "அந்த ஃபிரிட்ஜ மாத்திடும்மா, நல்ல கம்பெனியா பாத்து வாங்கு" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

மே மாதம் அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது வீடு பார்க்க ஒரு குடும்பத்தை ஓனர் அழைத்து வந்தார். பெஞ்சமின், சிறுசேரிக் கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறவர். மனைவி மேரி. அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஆண்கள் வண்டி நிறுத்த இடம் பார்க்கக் கீழே போனதும், நான் மேரியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அனுவைக் கூப்பிட்டு விரல்களைக் காட்டினேன். வேண்டாம்மா, வேற வீடு பாருங்க என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மேரி அனுவின் விரல்களைத் தடவிப் பார்த்தாள். "பாவம்" என்றாள். "நாங்க இப்ப கீற வூட்லயும் இப்டித்தான்கா, குழாயத் தொட்டா ஜுர்ருன்னு இழுக்கும். அதுக்கு முன்ன இருந்த வூட்லயும் அப்டித்தான். செருப்பு போட்டுகினா ஒண்ணும் ஆவாது."

"குழந்தைக்கு?"

"அதுக்கு சுவிட்சு எங்கக்கா எட்டப்போவுது?" என்று சிரித்துக்கொண்டே குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, குழாயைத் திருகிப் பார்த்தாள். "தண்ணி எத்தினி மணிக்கு உடுவாரு?"

காலையில் ஆறு மணிக்கு என்றேன்.