சாமி பங்கு ஈரல்

கண்ணைப் படிக்க வந்தவனுக்குக் குடலை எதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? வகுப்பில் இந்தக் கேள்வியை நான் கேட்காத நாளே கிடையாது.

மலாயாவில் ஈப்போ நகரத்தில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. ஜப்பான்காரன் வந்தபிறகு வில்லைகள் வருவது நின்றுபோனது. சும்மா ஈ ஓட்டுவதற்குப் பதில் கண் பரிசோதிக்கவாவது படியுங்கள் என்று தவுக்கே மாடியைத் திறந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்தோம். பாடம் நடத்தியவர் தேனப்பன், வட்டிக்கு விடும் கிட்டங்கிச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தபோது சண்டை வந்து பாதியில் திரும்பியவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. முதல் வருடம் முழுக்க உடம்பு, இரண்டாம் வருடம்தான் கண் என்று அவர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தேனண்ணே, கடைக்கு வாரவங்க கண்ணாடி கேப்பாங்களா, கல்லீரல் கேப்பாங்களா?"

"ஏன், கண்ணு மட்டும் தனியா உருண்டு வந்து உன் கடைப் படியில ஏறுதா? ஒக்காரு லா, ஐயாவு."

மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால், இதயத்தைப் பற்றிய பாடம் எனக்குப் பிடித்திருந்தது. மாடிப்படியில் ஏறி இறங்கி என் நாடியை நானே பிடித்துப் பார்த்து, ஒரு வாரம் பைத்தியம் போல் திரிந்தேன். கல்லீரல் வந்ததும் தூக்கம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்திலிருந்து விறகு லாரிக்காரன் மூலம் என் அக்கா நல்லம்மாள் சொல்லியனுப்பினாள். பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லையாம். நல்ல கண்ணாடியாக ஒன்று எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம். யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம்.

ஏன் மூச்சு விடக்கூடாது என்பது தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். மச்சானை ஏற்கெனவே சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா பிள்ளைத்தாச்சி. தோட்டத்தில் பாதிக் கித்தா மரத்தை வெட்டி மரவள்ளி நட்டாகிவிட்டது. மீதி மரத்தில் பால் வெட்ட முடியாதவர்கள் அடுத்த ரயிலில் சயாமுக்கு என்று கங்காணி சொல்லிவைத்திருந்தார். பால் வெட்டு விடியுமுன்பே தொடங்கும். கடிகாரமோ ஜப்பான்காரன் உத்தரவால் தோக்கியோ மணிக்கு, ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடியது. பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்கும்போது வானம் கரிச்சட்டியாக இருக்கும். அந்த இருட்டில் அக்கா ஒரு தடவை தடுக்கி விழுந்தால் போதும்.

கடையில் இருந்ததிலேயே தடித்த வில்லை போட்ட கண்ணாடியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன். தடித்த கண்ணாடி என்றால் நிறையத் தெரியும் என்று அவளும் நம்பினாள், கண்ணாடிக் கடைக்காரன் நானும் நம்பினேன். அந்தி நேரத்தில் அதை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி நாலடி நடந்தவள் நேராகத் தண்ணீர்த் தொட்டியில் போய் மோதினாள்.

"அடப்பாவி! தெரிஞ்சதும் போச்சேடா!" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். முனியாண்டிக்கு ஆடு நேர்ந்திருக்கேன், வெள்ளிக்கிழமை பூசை. பிரசவத்துக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். உள்ளது சாமிக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தேனப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பகல்ல தெரியுதா?" என்றார்.

"ஊசியில நூல் கோக்குறாண்ணே."

"சாப்பாடு?"

"காலையில மரவள்ளி. ராத்திரிக்கு மாத்தி, மரவள்ளி."

அவர் சிரிக்கவில்லை. பலகையில் ஒரு கண்ணை வரைந்தார். "பின்னால விழித்திரையில ஒரு ஊதாச் சாயம் இருக்கு. வெளிச்சம் பட்டா வெளுத்துப் போகும், திரும்ப ஊறும். இருட்டுல நமக்குக் கண்ணு தெரியுறதே அதாலதான். அது ஊறணும்னா வைட்டமின் ஏ வேணும். அதைச் சேத்து வைக்கிற எடம் எது?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். "கல்லீரல்!"

"மரவள்ளிக் கிழங்குல அது கெடையாது. இருந்த கையிருப்பை வயித்துல இருக்கற புள்ள வேற எடுத்துக்கிருச்சு. இதுக்குப் பேரு மாலைக்கண். எந்தக் கண்ணாடிக்கும் கேக்காது."

ஐயோ, அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வேன்! நான் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டேன். கண் கல்லீரலிலிருந்து சாப்பிடுகிறது! கல்லீரல் குடலிலிருந்து வாங்குகிறது! குடலுக்கு வாய், வாய்க்குச் சோறு! இத்தனை நாள் தூங்கி வழிந்த பாடமெல்லாம் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு என் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றது.

"ஆட்டு ஈரல் சாப்பிட்டா, அண்ணே?"

"ரெண்டு மூணு நாள்ல வித்தியாசம் தெரியும். ஆனா இந்தக் காலத்துல ஆட்டுக்கு எங்க போவ?"

ஆடு! இன்றைக்குத்தான் வெட்டு! குதித்து இறங்கி ஓடினேன். எங்கள் தோட்ட வழக்கம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆட்டை யார் நேர்ந்தாலும் ஈரல் சாமி பங்கு. தணலில் சுட்டு, சம்சுச் சாராயப் போத்தலோடு முனியாண்டி முன்னால் படைத்து, பிறகு பூசாரியும் ஆம்பளைகளும் தின்பார்கள். பொம்பளைகள் அதைத் தொடக்கூடாது. கறியில்தான் அவர்களுக்குப் பங்கு.

டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றிய சைக்கிள் அது, எலும்பெல்லாம் கழன்றுவிடும் போலிருந்தது. வழியில் காவல் நின்ற ஜப்பான்காரனுக்குக் குனிய மறந்துவிட்டேன். பளாரென்று ஒன்று விட்டான். ரத்தக் குழாய் விரிவதால்தான் கன்னம் சிவக்கிறது என்று படித்திருந்தேன், அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு இன்னொன்று கிடைத்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஈரலை வாழையிலையில் போட்டு முனியாண்டிக்குப் படைத்தாகிவிட்டது. பூசாரி அப்பாவு கற்பூரத்தட்டோடு நின்றார். ஆம்பளைகள் ஒரு பக்கம், அவர்களுக்கு நடுவில் கங்காணி. பொம்பளைகள் தள்ளி ஒரு பக்கம், அதில் அக்கா.

"பூசாரி மாமா, அந்த ஈரல் அக்காவுக்கு வேணும்."

"என்னடா சொன்ன?" பூசாரிக்குக் கண் சிவந்தது. "சாமி பங்குலயே கை வைக்கிறியா?"

"சாமி வேணாம்னா சொல்லிச்சு? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்கிறது சரியாத்தான் இருக்கு!"

ஆம்பளைகள் எழுந்துவிட்டார்கள். எனக்கு வாய் நின்றால்தானே. "ஈரல்ல வைட்டமின் இருக்கு! அது இல்லாமத்தான் அக்காவுக்கு மாலைக்கண்ணு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கங்காணி மெதுவாக வெற்றிலையைத் துப்பினார்.

"அப்படியா சேதி? சரி, திங்கக்கெழமை பெரட்டுல பாக்குறேன். வெளக்கு இல்லாம கானைத் தாண்டி கித்தா மர நெரைக்குப் போகட்டும். விழுந்தா சயாம்."

அக்கா எழுந்தாள். என்னைப் பார்த்து, இல்லை, என் குரல் வந்த திசையைப் பார்த்து, "நாசமாப் போறவனே, ஊருக்கே சொல்லிட்டியேடா," என்றாள். பிறகு கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே சாமிக்கு முன்னால் வந்தாள். "ஆடு என்னோடது. கண்ணும் என்னோடது. முனியாண்டி கோவிச்சுக்கிட்டா நான் அவருகிட்டப் பேசிக்கிறேன். குடுங்க." ஈரலைத் தேடிய அவள் விரல்கள் கற்பூரத்தட்டின் சுடுகிற விளிம்பில் படப் பார்த்தன.

அப்பாவு சட்டென்று தட்டை இழுத்துக்கொண்டார். தடவிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் இலையோடு தூக்கி அவள் கையில் வைத்தார். "தின்னு. கண்ணு வரலன்னா என்னைக் கேக்காத," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஈரல் முழுவதையும் அவள்தான் தின்றாள். பாதி அன்றைக்கு, பாதி மறுநாள். நான் ஈப்போவுக்குத் திரும்பவில்லை. அந்தி சாயும்போதெல்லாம் அவள் முன்னால் விரலை நீட்டி, "எத்தனை?" என்று உயிரை எடுத்தேன். சனிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, "அந்த வெரலால உன் மூக்கைத்தான் நோண்டுவியா, நகமெல்லாம் அழுக்கு," என்றாள். அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பேன், வயிற்றுப் பிள்ளைக்காக விட்டேன்.

திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி சொன்னபடியே விளக்குகளை அணைக்கச் சொன்னார். எங்கள் தோட்டத்துக் கான் ஆழமான வாய்க்கால், அதற்குக் குறுக்கே ஒற்றைப் பலகை. மழைத்தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அக்கா வாளியைக் கையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். என் நெஞ்சு அடித்த அடியைத் தேனப்பன் எண்ணியிருந்தால் பயந்துபோயிருப்பார். பலகைக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவள் போல், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

நான் குதித்தேன், கத்தினேன், வேறென்ன செய்வேன்! கங்காணி அடுத்த நிரைக்குப் போய்விட்டார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கானுக்கு அந்தப் பக்கம் நின்று, பின்னால் வரவேண்டிய பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவு, கத்தாத. இங்க பாருடா."

பார்த்தேன். பெண்கள் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இப்படித்தானே துணைக்குத் துணையாகப் போகிறார்கள் என்று நினைத்தால், முன்னால் வந்தவள் பலகையைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் அப்படியே. ஒருத்திக்கும் இருட்டில் கண் தெரியவில்லை. சயாமுக்குப் பயந்து ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொல்லவுமில்லை.

அக்கா திரும்பி வந்து தன் முந்தானையை நீட்டினாள். முதலில் அதைப் பிடித்தது பூசாரி பெண்டாட்டி இருளாயி.

"தம்பி," என்றாள் என்னிடம், தாழ்ந்த குரலில். "எங்க வீட்டு ஆளு ஒவ்வொரு பூசைக்கும் ஈரல் தின்னுது. எனக்கு ஒரு துண்டு குடுத்ததில்ல. மிச்சம் ஏதும் இருக்காப்பா?"