மிச்சப் படம்

"கதவப் புடி, கதவப் புடி" என்றபடி ஃப்ரீசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இளமதி ஓடிப்போய் வாசல் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றாள். கீல் சாய்ந்துபோன கதவு அது. விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். நாளைக்குச் சரிபண்ணுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெட்டி வைக்க இடம் போதவில்லை. பெரியப்பா மகன் சிலம்பரசன் டிவி மேசையை ஓரமாக நகர்த்தினான்.

"அந்தப் பேய்ப் படத்தயும் அவரு கூடவே வச்சி அனுப்பிடுங்கப்பா" என்றாள் அம்மா லோகநாயகி. "அவருக்கு அதுலதான் உசுரு."

கடலூர், சிதம்பரம் ரூட்டில் பஸ் ஓட்டியவர் அப்பா தங்கராசு. இளமதியின் தம்பி கதிர்வேல் பள்ளிக்கூடம் படிக்கும்போது அவர் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிவந்த தமிழ் டப்பிங் டிவிடி அது. ரத்தம் குடிக்கிற கூட்டத்துப் பெண்ணுக்கும் ஓநாயாக மாறுகிற கூட்டத்து ஆணுக்கும் காதல். ஓயாத மழை, இருட்டுக் கோட்டை, கத்தி, துப்பாக்கி. முதல் நாளே லேசாகத் திக்கியதென்று கதிர் பல்பொடி போட்டுத் தேய்த்தான். அதற்குப்பிறகு கடைசிச் சண்டையில் கோட்டைக் கதவு மூடிக்கொண்டு வரும்போது, ஓநாய் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிடும். "புள்ள ஆசையா தொடச்சான், விடு" என்பார் அப்பா. இளமதி ஒரு தம்ளரை உடைத்தால் அன்று முழுக்கத் திட்டு.

கதிர் குவைத்துக்குப் போனபிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் படம் ஓடும். நின்றதும் அவனுக்குப் போன் போடுவார். "அப்புறம் என்னாடா ஆச்சி?" அவன் வாரம் ஒரு முடிவு அளந்துவிடுவான். அப்பா இருமல் வருகிற வரைக்கும் சிரிப்பார். கிட்னி போனபின் கடலூர் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, டயாலிசிசுக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனது இளமதிதான். அவளிடம் மாத்திரை கேட்பார், செருப்பு எங்கே என்று கேட்பார். அவ்வளவுதான். அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

போன வாரம் அந்தப் படத்தைச் செல்லில் தேடி எடுத்து, கடைசிவரை பார்த்துவிட்டு, ஆசையாக அவரிடம் நீட்டினாள். அவர் திரையைக் கையால் மூடினார். "வச்சிடும்மா. தம்பி வந்து சொல்லட்டும்."

தம்பி வரவில்லை. கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. சிலம்பரசன்தான் கொள்ளி வைப்பதென்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள்.

குளிப்பாட்டிக் கிடத்தி, வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள். சிலம்பரசன் பிடித்திருந்த செல்லில் கதிர் முகம் அழுது வீங்கியிருந்தது. இளமதி குனியும்போது அவன் கூப்பிட்டான்.

"அக்கா, அந்தப் பட முடிவு எனக்கே தெரியாதுக்கா. நான் பாத்ததே இல்ல. சும்மா சொன்னதெல்லாம்."

"தெரியும்."

"நீ பாத்தியா?"

"பாத்தன்."

"சொல்லிடுக்கா அவருட்ட."

பஸ் ஓட்டி ஓட்டி இடது காது அவருக்கு மந்தம். வலது காதுப்பக்கம் போய்க் குனிந்தாள்.

"ஓநாயி தப்பிச்சிட்டான்ப்பா. தூரமா, நல்லா போயிட்டான். அவ போவல. கதவு மூடிக்கும்ல, அதத்தான் புடிச்சிக்கிட்டு நின்னா. விடிஞ்சிடுச்சி. வெயில் பட்டா அவுங்களுக்கு ஆவாது. அப்பயும் வுடல."

அவளுடைய விரல்களில் ஒட்டியிருந்த அரிசியை அப்பாவின் உதட்டில் தள்ளிவிட்டாள். அவர் கொஞ்சம் சிரித்திருந்தால் போதும் என்றிருந்தது.

"நேரமாவுது, தூக்குங்க" என்றார் பெரியப்பா.

பாடை வெளியே போவதற்குள் கதவு சாய்ந்தது. யாரும் சொல்லாமலே இளமதி போய் முதுகைக் கொடுத்தாள். அப்பாவின் கால் முதலில் அவளைக் கடந்தது, பிறகு தலை. மோளச் சத்தம் சுடுகாட்டுக்குப் போகிற கிள்ளை ரோட்டுப் பக்கம் திரும்பியது. பொம்பளைகள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்கள்.

"எல்லாம் போயாச்சி, உள்ள வா இளமதி. வீடு கழுவணும்" என்றாள் அம்மா.

வெயில் வாசற்படியைத் தாண்டி அவள் காலில் விழுந்திருந்தது. கதவு அவள் முதுகைத் தள்ளிக்கொண்டே இருந்தது.