லென்ஸ் பலகையில் அரை நூல்

என் வீட்டுக்காரர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். புதன்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"சனிக்கிழமை ஒருத்தர் வருவார். கேமராவைக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

வாயில் நுரையோடு திரும்பினேன். கேமரா என்றால் கழுத்தில் மாட்டுகிற சமாசாரம் இல்லை. முக்காலியில் நிற்கும் மரப்பெட்டி. முன்னால் லென்ஸ், நடுவில் துருத்தி, பின்னால் மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். லென்ஸைத் தாங்குகிற சதுரப் பலகையைக்கூட அவரே இழைத்துச் செய்வார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் வந்துவிட்டதால், மூத்தாள் என்றுதான் நான் அதைச் சொல்வது.

"மூத்தாளை எதுக்கு அனுப்பறீங்க?"

"கண்ணு போகுது. ஒரு வருஷமா கண்ணாடியில ஒரு பக்கம் கலங்கலாத் தெரியுது. படமும் அப்படியேதான் வருது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

மாமனார் கடைசி எட்டு வருடம் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தவர். டாக்டரிடம் போகலாம் என்றேன். "அவர் வாயால வேற கேக்கணுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் ஒரு வருடமாகவே ஆள் சரியில்லை. ஞாயிறு தவறாமல் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துவிட்டு அரை மணி நேரம் துணிக்குள் கிடப்பார். ஃபிலிம் மட்டும் போடமாட்டார். கேட்டால் லென்ஸ் பார்க்கிறேன் என்பார். கஞ்சத்தனம் என்று நானும் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறேன்.

நான் துணி தைக்கிறவள். ஒரு பக்கத் தோள் இறங்கித் தெரிந்தால் போட்டவளைக் குறை சொல்லமாட்டேன், வெட்டைத்தான் பார்ப்பேன். ஒரு வருடத்துப் படங்களை எடுத்து வெட்டு மேசையில் பரப்பினேன். எல்லாவற்றிலும் இடது பக்கம்தான் மங்கல். கெட்டுப்போன கண் இப்படி அளவெடுத்தாற்போல் ஒரே இடத்திலா கெடும்?

மத்தியானம் அவர் கண் அயர்ந்ததும் கேமராவிடம் போனேன். புதுப் பலகை மாட்டும்போதெல்லாம் அது கோணாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று அவர் சரிபார்ப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். லென்ஸைக் கழற்றிவிட்டு, பின்சட்டத்தில் ஒரு முகக்கண்ணாடி, பலகையின் ஓட்டைமேல் இன்னொன்று, இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வைக்க வேண்டும். முன்கண்ணாடியின் நடுவில் ரசத்தைச் சுரண்டிய சின்னப் பொட்டு இருக்கும். அதன் வழியே பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். பலகை நேராக இருந்தால் வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். கோணலாக இருந்தால் ஒரு பக்கமாக ஓடும்.

ஓடின.

பலகையைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் ஓர் ஓரத்தில் மட்டும் கறுப்பு வெல்வெட் துண்டு ஒன்று, பிசிறில்லாமல் வெட்டி ஒட்டியிருந்தது. பார்த்ததும் கை யாருடையது என்று தெரிந்துவிட்டது. போன வருடம் அந்த ஓரத்தில் வெளிச்சம் கசிந்து ஒரு படத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அவர் வெளியூர் போயிருந்த சமயம், யாருடைய ரவிக்கையிலோ மிஞ்சிய துணியை வைத்து அடைத்தேன். அவரிடம் சொல்ல மறந்தும் போனேன். தச்சுக் கணக்கில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கனம் இருக்கும்; அதுதான் பலகையை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருக்கிறது.

பிய்த்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. படமும் சரியாகிவிடும். ஆனால் எப்படிச் சரியானது என்று தெரியாத மனுஷன், மறுபடி எப்போது போகுமோ என்று பயந்துகொண்டேதானே இருப்பார்? அவரை அப்படி விட்டுவிட்டு என் மானத்தை மட்டும் காப்பாற்றி என்ன செய்ய?

"ஏங்க, கொஞ்சம் எழுந்திரிங்க. உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் பண்ணின வேலை."

சொல்லிக்கொண்டே துண்டைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தேன். விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பலகையைத் திரும்ப மாட்டி, கண்ணாடியை வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"எப்படி இருக்கு?"

"வட்டமெல்லாம் அடங்கியிருக்கு."

எனக்கு அழுகை வந்தால் கோபம்தான் முன்னால் வரும். "ஒரு வருஷமா உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கினீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

"நீயும்தான் சொல்லலையே."

மேசையில் பரப்பியிருந்த படங்களை அடுக்கிக்கொண்டே கேட்டேன். "ஃபிலிம் போடாம ஞாயிறு ஞாயிறு என்னதான் பார்த்தீங்க? லென்ஸுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உன்னத்தான். முழுசாப் போறதுக்குள்ள மனசுல பதிய வெச்சுக்கலாம்னு."

"தலைகீழாவா?"

"அந்த அரை மணி நேரந்தானே நீ ஆடாம இருக்க."

இடுப்பு வலிக்கிறது, தைக்கக் கிடக்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று நான் மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்த ஐம்பது ஞாயிறும் நினைவுக்கு வந்தன. அந்த மூஞ்சியைத்தான் மனுஷன் மனப்பாடம் பண்ணியிருக்கிறார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் நானாகவே உட்கார்ந்தேன். அவர் லென்ஸை மாட்டித் துணிக்குள் போனார். சீக்கிரம் முடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து வெளியே வந்து, ஃபிலிம் போட்டார்.