டொலேடோவில் தொலைந்தவன்

டொலேடோ நகரத்தை ஒருநாள் முழுக்க நடந்தே பார்க்க வேண்டும் என்பது ரெமெதியோஸின் ஆசை. அவள் கணவன் எவுசேபியோவுக்கோ நடை என்றாலே வேப்பங்காய். அவளுடைய பிறந்தநாள் என்பதால் மறுக்க முடியாமல் மாட்ரிட்டிலிருந்து காலை ரயிலில் கூடவே வந்துவிட்டான்.

"இந்த ஊர்ல சமதரையே கிடையாதா? நான் ஆடாப் பொறந்திருக்கணும்" என்று மதியம்வரை முனகிக்கொண்டே வந்தான்.

"பாதி ஊரு இன்னும் பாக்கி இருக்கு. பொலம்பாம வாங்க."

ஒரு கடையில் தொங்கிய வாள்களைப் பார்த்துவிட்டு அவள் திரும்பியபோது அவனைக் காணவில்லை. அவன் கைபேசியும் அவள் பையில்தான் இருந்தது. சந்து சந்தாகத் தேடினாள். முதலில் வந்த கோபம் மெல்லப் பயமாக மாறியது. அப்போது ஓர் உணவகத்தின் முற்றத்திலிருந்து கிட்டார் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். உள்ளே கல்யாண விருந்து. மணப்பெண்ணின் அத்தையோடு எவுசேபியோ ஆடிக்கொண்டிருந்தான்.

"கால் வலின்னீங்க?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நெனச்சு கௌதாரிக் கறியைப் போட்டுட்டாங்க. வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா?"

அத்தை சிரித்தாள். "பொய் சொல்றாரும்மா. பொண்டாட்டியைத் தொலைச்சிட்டேன்னு கண்ணு கலங்கி வந்தாரு. சாப்பிட்டுத் தெம்பாத் தேடலாம்னு நாங்கதான் பிடிச்சு உட்கார வச்சோம். ஆடினாத்தான் விடுவேன்னு சொன்னது நான்."

எவுசேபியோவின் காதுகள் சிவந்தன. ரெமெதியோஸ் பையை நாற்காலியில் வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"இப்ப என்கூட ஆடுங்க" என்றாள்.