பன்னிரண்டாவது நிமிடம்

ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காலால் மிதித்துப் பிரித்துக்கொண்டிருந்தான் அவன். மூன்று வந்துவிட்டன. நான்காவது, வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"மாப்பிள்ளே, அதை விடுங்க. ஆளா இல்ல?" மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து மச்சான் எட்டிப் பார்த்துச் சொன்னார். இறந்தவளின் அண்ணன்.

"இருக்கட்டும் மச்சான்."

மேலே, ஹாலுக்கு இழுத்துப் போட்ட கட்டிலில் அவன் மனைவி கிடந்தாள். விடியற்காலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது. அவள் பக்கத்தில் உட்காரச் சொல்லி ஆளாளுக்கு அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள். உட்கார்ந்தால் யாராவது வந்து தோளில் சாய்ந்து அழுதார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. வராத அழுகையை வைத்துக்கொண்டு அழுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது ஏதோ திருட்டுத்தனம் மாதிரி இருந்தது. நாற்காலி தூக்குவது எவ்வளவோ மேல்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தில்தான் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கால்பந்துக் கூட்டம். முப்பது பேர் இருக்கும். அநேகமாக எல்லோரும் பச்சை பனியன். நாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் பாதி ஞாயிற்றுக்கிழமைகளை இவர்கள்தான் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். மைதானத்தில் மூவாயிரம் பேர் உட்காரும் கிழக்குப் பக்கம் முழுவதும் இவர்கள் ரசிகர் கூட்டத்தினுடையது; கிழக்கு வரிசை என்பார்கள். அங்கே அவளுக்குப் பெயர் 'விசில்'. இரண்டு விரலை வாயில் வைத்து அவள் ஊதினால் எதிர்ப்பக்கக் கோல்கீப்பர் திரும்பிப் பார்ப்பானாம்.

நாற்காலியை மிதித்தபடியே அவர்கள் பேச்சைக் கேட்டான். கேட்கவேண்டும் என்றில்லை. காதில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை நாம ஜெயிக்கலேன்னா மீசையை எடுத்துடுறேன்," என்றான் பீப்பாய். வயிறும் சரி, அவன் அடிக்கிற டிரம்மும் சரி, பெயருக்கு ஏற்ற அளவு. வண்டிகளுக்கு பேட்டரி மாற்றும் கடை வைத்திருந்தான்.

"போன சீசன்லயே எடுக்கிறேன்னே. மீசை இன்னும் அங்கேயேதான் இருக்கு," என்றாள் தபால்காரி. ஐம்பது வயது. தபால் இலாகாவில் இருபத்தெட்டு வருஷம்.

"அது தேர்தல் வாக்குறுதி மாதிரிக்கா. சொல்றதுக்கு மட்டும்தான்."

சிரிப்பு எழுந்து, இடம் நினைவுக்கு வந்து, அடங்கியது.

"தேர்தல்னதும் ஞாபகம் வருது," என்றார் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். கிழக்கு வரிசைக்குப் பாட்டுக் கட்டிக் கொடுப்பவரும் அவர்தான். "ஞாயித்துக்கிழமை விளையாட்டு அமைச்சர் வர்றாராம். அஞ்சு வாரத்துல ஓட்டு. வராம இருப்பாரா? புது மைதானம் கட்டித் தர்றோம்னு மூணு தேர்தலா சொல்லிட்டாங்க. இதுவரைக்கும் வந்தது மூணு அடிக்கல். அதை அடுக்கி வச்சிருந்தாலே நமக்கு ஒரு படிக்கட்டு கிடைச்சிருக்கும்."

"எதிர்க்கட்சி வந்தா மட்டும் என்னவாம்?"

"நாலாவது கல் வரும்."

"அதைக் கழிப்பறைக்குப் போடச் சொல்லுங்க வாத்தியாரே. இடைவேளைல அங்க நிக்கிற வரிசைய பாத்தா ஓட்டுச்சாவடியே தோத்துடும்."

நான்காவது நாற்காலி கொஞ்சம் அசைந்தது. அவன் அதன் முதுகைப் பிடித்து ஆட்டினான்.

"நான் சொல்றதைக் கேளுங்க," வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "பன்னிரண்டாவது நிமிஷம் கிழக்கு வரிசை மொத்தமும் எழுந்திரிக்கணும். அமைச்சருக்கு முதுகைக் காட்டி ஒரு நிமிஷம். மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்கக் கூடாது. டிவி நேரலை வேற. மாநிலமே பாக்கும்."

"அதெல்லாம் வேற நிமிஷத்துல வச்சுக்குங்க," என்றான் பீப்பாய். "பன்னிரண்டு விசிலோடது. அவ உக்கார்ற வரிசை பன்னிரண்டு. அதுல அரசியலைக் கலக்காதீங்க."

"அவ இருந்தா முதல் ஆளா முதுகைக் காட்டியிருப்பாடா."

"காட்டியிருப்பா. இல்லைங்கல. அன்னிக்கு அவளுக்குக் கைதட்ட வேண்டாமா?"

"அவளுக்குத்தான் தட்டியாச்சேடா! உயிரோட இருக்கும்போதே தட்டணும், அவ கண்ணால பாக்கணும்னுதானே அவ்வளவு ஏற்பாடு பண்ணோம்? மூவாயிரம் பேரு எழுந்து நின்னு தட்டினோம். அவ புருஷனே பக்கத்துல நின்னு தட்டினான், பாவம், என்னன்னே தெரியாம. அதைவிடவா இனிமே—"

நாற்காலி பட்டென்று பிரிந்து வந்தது. அவன் இரண்டடி பின்னால் போய்த் தூணில் இடித்து நின்றான். தூணுக்கு அந்தப் பக்கம் முப்பது முகங்களும் திரும்பின.

வாத்தியார் கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார்.

ஆறு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. "ஒரே ஒரு தடவை வாயேன். உன் லிஃப்டெல்லாம் ஒரு நாள் தானா ஏறி இறங்கும்," என்று மனைவி அவனை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். லிஃப்ட் பராமரிப்பு அவன் தொழில். நகரத்தில் நாற்பத்தாறு கட்டடங்கள் அவன் பொறுப்பு. உள்ளே நின்று இரண்டு மாடி போய் வந்தால் போதும், எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கதவு அடுத்த மாதம் தகராறு பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அன்றைக்குப் பன்னிரண்டாவது நிமிடத்தில் திடீரென்று கிழக்கு வரிசை எழுந்து நின்றது. டிரம் நின்றது. பாட்டு நின்றது. வெறும் கைதட்டல். யாருக்கு என்று அவளிடம் கேட்டான். "பழைய கோல்கீப்பர். இந்த வருஷத்தோட நிறுத்திக்கிறார்," என்றாள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பச்சைத் துண்டால் மூக்குவரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றுவலி என்றாள். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் அவன் பலமாகத் தட்டினான். எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகும் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையைக் கேலி என்று எடுத்துக்கொண்டான்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

பீப்பாய் தபால்காரியைப் பார்த்தான். அவள்தான் எழுந்து வந்தாள்.

"உக்காருங்க தம்பி."

"எப்போலேர்ந்துக்கா?"

"ஸ்கேன் எடுத்த மறுநாள். ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்."

அவன் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ரிப்போர்ட்டுகளை அவளேதான் வாங்கி வந்தாள். அவளேதான் படித்துச் சொன்னாள். அல்சர், காரம் குறைக்கணும், அவ்வளவுதான். உடம்பு இளைத்தபோது டயட் என்றாள். நல்லாத்தான் இருக்கு என்று அவனும் சொன்னான். ஐந்து நாள் முன்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் கணையம், பரவிவிட்டது, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்றபோது, அந்த நிமிடம்தான் எல்லோருக்கும் தெரிந்தது என்று நினைத்தான். அவளைவிட முன்னால் தனக்குத் தெரிந்துவிட்டதே, எப்படிச் சொல்வது என்று தாழ்வாரத்தில் ஒரு மணிநேரம் நின்றான். ஏதோ ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு உள்ளே போனான். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். தலையைக்கூட ஆட்டினாள்.

"என்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டா தம்பி," என்றான் பீப்பாய் பின்னாலிருந்து. "டிரம் மேல கைய வச்சு."

"உங்களைக் கேக்கல."

தபால்காரி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "தெரிஞ்சதுலேர்ந்து எல்லாரும் அவளை ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சுட்டோம். நாங்க, லேப்ல இருக்கிறவங்க, எல்லாரும். கண்ணுல தண்ணிய வச்சுக்கிட்டு. அவளுக்கு அது ஆகல. 'வீட்டுக்குப் போனா ஒருத்தனாவது ஈரத்துண்டை ஏன் கட்டில்ல போட்டேன்னு கத்தணும்க்கா. அதையும் கெடுத்துடாதீங்க'ன்னா."

அவன் கத்தினான்தான். ஈரத்துண்டுக்கு. பால் பொங்கியதற்கு. கைதட்டிய ஞாயிறுக்கு அடுத்த வாரம், வெளியூர் ஆட்டம் என்று அவள் இந்தக் கூட்டத்தோடு பஸ் ஏறிப் போய் மறுநாள் வந்தபோது, கத்தவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டான். நாலு நாள். மூன்றாம் நாள் அவள் தட்டை எதிரில் வைத்து, "வாயைப் பூட்டிச் சாவியை எந்த லிஃப்டுக்குள்ள போட்ட?" என்று கேட்டாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான்.

"நடுவுல நாலு நாள் அவகூட நான் பேசல," என்றான்.

"தெரியும் தம்பி. சொன்னா."

"என்ன சொன்னா?"

தபால்காரி விரலில் சுற்றிய தலைப்பை அவிழ்த்தாள்.

"சொல்லுங்க."

"சிரிச்சா. 'இன்னும் கோவத்துலதான் இருக்கான், எல்லாம் நல்லாத்தான் போகுது'ன்னா."

அறுபது நாளோ எழுபது நாளோ. அவள் எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். அதில் நாலை அவன் எடுத்துப் பால்கனியில் எறிந்தான். எறிவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது பேரில் ஒருவருக்குக்கூட அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பஸ் நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் அவனிடம் யாராவது சொல்லி முடித்திருக்கலாம்.

அவன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டான். பிறகு மாடிக்குப் போனான்.

மூன்று மணிக்கு மயானத்துக்குப் போகும் வேனும், அதன் பின்னால் கூட்டத்துக்கு ஒரு பஸ்ஸும் வந்தன. லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் போகாது. உள் ஆழம் ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர். அளவு அவனுக்குத்தான் தெரியும் என்பதால் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "படி வழியாத்தான்," என்றான். பச்சை பனியன்கள் வந்து தூக்கின. ஒவ்வொரு திருப்பத்திலும் பீப்பாய் குரல் கொடுத்தான். "தலைப்பக்கம் மேல... இப்ப வலது... கால்பக்கம் நில்லு." ஒரு இடத்தில்கூட இடிக்காமல் இறக்கினார்கள். அவன் வெறுங்கையோடு பின்னால் இறங்கினான்.

வேன் டிரைவர் பின்கதவைத் திறந்து, "உள்ள ரெண்டு பேர்தான். யாரு ஏறுறீங்க?" என்றார்.

"மாப்பிள்ளே, நீங்க முதல்ல ஏறுங்க," என்றார் மச்சான்.

அவன் நகரவில்லை. "மச்சான், உங்களுக்கும் தெரியுமா?"

"என்னது?"

"தெரியுமா, தெரியாதா?"

மச்சான் குனிந்து செருப்பு வாரை இழுத்து மாட்டத் தொடங்கினார். ஏற்கெனவே மாட்டியிருந்த வார்.

அவன் திரும்பித் தபால்காரியைப் பார்த்தான். "அக்கா, நீங்க ஏறிக்குங்க."

"ஐயோ, நானா? தம்பி, அது உங்க இடம்—"

"உங்ககிட்டதான் எல்லாம் பேசியிருக்கா. போய் உக்காருங்க."

யாரோ ஒரு பெரியவர் இது முறையில்லை என்றார். இன்னொருவர், பையனுக்கு நிதானம் இல்லை, விடுங்க என்றார். நிதானத்தில் ஒரு குறையும் இல்லை. பின்னால் நின்ற பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக ஒரு இடத்தில் உட்கார்ந்தான். முன்னால் வேனுக்குள் தபால்காரி ஏறும்போது முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது.

பஸ் கிளம்பியபோது ஒரு ஆள் ஓடிவந்து ஏறி, மூச்சு வாங்கியபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பச்சை பனியன், கழுத்தில் பச்சைத் துண்டு. அவனுக்கு முன்பின் தெரியாத முகம். வெளியூர்க் கிளை என்றும், மூணு மணிநேரம் நின்றுகொண்டே வந்ததாகவும் அந்த ஆளே சொன்னான்.

"மேல விசில் வீட்டுக்குப் போகவே நேரமில்ல. நேரா பஸ்ஸைப் பிடிச்சிட்டேன். நீங்க எந்த வரிசை?"

"பன்னிரண்டு."

"அப்போ விசில் பக்கத்துலயே. அன்னிக்குக் கைதட்டினப்ப இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"குடுத்து வச்சவரு. நான் வரமுடியாம போச்சு. எங்க ஊர்ல இப்ப அதைத்தான் கதை கதையா சொல்றாங்க. பக்கத்துலயே அவங்க வீட்டுக்காரர் நின்னு தட்டினாராமே, ஒண்ணும் தெரியாம? கடைசி வரைக்கும் அவர்தான் தட்டிக்கிட்டே இருந்தாராமே? கேட்டப்ப எனக்கு அழுகையே வந்திருச்சுங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே சுவரெல்லாம் சிரிக்கிற வேட்பாளர்கள்.

"நீங்க பாத்தீங்களா அவரை? எப்படி இருந்தார்?"

"சாதாரணமாத்தான்."

"பாவம்," என்றான் அந்த ஆள். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். கொஞ்ச தூரம் சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு தாங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை என்னாகும்னு நினைக்கிறீங்க?"

"ரெண்டு ஒண்ணு."

"நமக்கா, அவங்களுக்கா?"

முன்னால் வேன் நாற்சந்தியைத் தாண்டி இடது பக்கம் திரும்பியது. பஸ்ஸுக்குச் சிவப்பு விழுந்தது. குறுக்கே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. டிரைவர் இன்ஜினை அணைத்தார்.